செக்கின் முதுகில் கையெழுத்து எப்போது?

நேயர்களுக்கு வணக்கம். கான்ட்ராக்டர் தந்த கூலிப் பாக்கி, வீட்டுக்காரர் திருப்பிய டெபாசிட், சரக்கு வாங்கிய கடைக்காரரின் பில் தொகை என்று மும்பையின் தாராவியிலும் மாட்டுங்காவிலும் நம் கைக்குச் செக் வருகிறது. வந்ததும் பலர் செய்வது ஒன்றுதான்: திருப்பிப் போட்டுப் பின்னால் ஒரு கையெழுத்து. அவசரம் வேண்டாம். முதலில் முன்பக்கத்தைப் பாருங்கள்.

இடது மேல்மூலையில் இரண்டு இணைகோடுகள் இருந்தால் அது கீறலிட்ட செக். கவுன்டரில் பணம் கிடைக்காது, ஏதாவது ஒரு கணக்கு வழியாகத்தான் வரும். கோடுகளுக்கு நடுவே 'அக்கவுன்ட் பேயி' என்றும் இருந்தால், பெயர் உள்ளவரின் கணக்கில் மட்டுமே வரவு வைக்கலாம். வேறொருவர் கணக்கில் போடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குச் சொல்லியிருக்கிறது. கூட்டுறவுக் கடன் சங்க உறுப்பினர்களுக்கு மட்டும் 50,000 ரூபாய் வரை ஒரு விலக்கு உண்டு. மற்றபடி "மச்சான் கணக்கில் போட்டுக்கொள்கிறேன்" என்பது நடக்காது. இந்த வகைச் செக்கின் பின்னால் கணக்கு எண்ணும் கைபேசி எண்ணும் எழுதினால் போதும். கோட்டை அடித்துவிட்டுக் காசாக்கலாமா? இன்றைய ஸ்கேன் முறையில் தேதியைத் தவிர வேறெதையும் திருத்தக் கூடாது என்பது விதி. புதுச் செக் கேட்டு வாங்குங்கள்.

கோடு இல்லாவிட்டால் பெயருக்குப் பின்னால் அச்சிட்ட சொற்களைக் கவனியுங்கள். 'ஆர் பேரர்', இந்தியில் 'யா தாரக் கோ'. அது அடிபடாமல் இருந்தால் பேரர் செக்: யார் கையில் இருக்கிறதோ அவருக்குப் பணம். பின்னால் 'இன்னாருக்குக் கொடுக்கவும்' என்று நீங்கள் எழுதினாலும் அதன் குணம் மாறாது. கொண்டுவந்தவருக்குக் கொடுத்த வங்கியை 1881-ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம், 85-ஆவது பிரிவில் காப்பாற்றுகிறது. தொலைத்தால் தொலைத்தவர் பாடு.

அந்தச் சொல் அடிக்கப்பட்டிருந்தால் ஆர்டர் செக். இங்கேதான் மேலெழுத்துக்கு, அதாவது பின்னால் கையெழுத்திட்டு உரிமையை மாற்றுவதற்கு, வேலை. வெறும் கையெழுத்து மட்டும் போட்டால் அது வெற்று மேலெழுத்து. அந்த நிமிடம் முதல் ஆர்டர் செக்கும் பேரர் செக் மாதிரிதான். வீட்டில் கையெழுத்திட்டுச் சட்டைப்பையில் வைத்து லோக்கல் ரயிலில் போவதைவிட, வங்கிக் கவுன்டரில் அடையாள அட்டையைக் காட்டிக் கையெழுத்திடுவது நல்லது. இன்னொருவருக்கு மாற்ற வேண்டுமானால், 'இவருக்கு அல்லது இவர் ஆணைப்படி செலுத்துக' என்று பெயரோடு எழுதிக் கையெழுத்திடுங்கள். பாதித் தொகையை ஒருவருக்கு என்று எழுதினால் செல்லாது. இரண்டு பேர் பெயரில் செக் வந்தால் இரண்டு பேரும் கையெழுத்திட வேண்டும்.

நம்மவர்களுக்கு அதிகம் இடிப்பது பெயர். கணக்கு 'எஸ். முருகன்' என்று இருக்கும். மும்பை வழக்கப்படி அப்பா பெயரைப் பின்னால் போட்டு 'முருகன் செல்வம்' என்று செக் வரும். எழுத்துப் பிழை மட்டும் என்றால், செக்கில் உள்ளபடியே முதலில் கையெழுத்திட்டு, அடியில் சரியான கையெழுத்தைப் போடுவது பழைய வங்கி வழக்கம். கவுன்டர் செக்குக்கு இன்றும் அது உதவும். அக்கவுன்ட் பேயி செக்கில் பெயரே மாறினால் வங்கி தயங்கும். எனவே செக் எழுதும் முன்பே பாஸ்புக்கைக் காட்டிவிடுங்கள்.

மராத்தியில் எழுதிய செக்கும் செல்லும். ஆனால் தேவநாகரி எண்ணில் 1 நம் கண்ணுக்கு 9 போலவும், 5 ஏறக்குறைய 4 போலவும் தெரியும். எழுத்தால் எழுதிய தொகையைப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

தேதியிலிருந்து 3 மாதம் வரைதான் செக்குக்கு உயிர். 2012 ஏப்ரல் 1-க்கு முன் அது 6 மாதம். கீழே இருக்கும் வெள்ளைப் பட்டையில் எழுதவோ ஸ்டேப்ளர் அடிக்கவோ மடிக்கவோ வேண்டாம். எந்திரம் படிக்கும் எண்கள் அங்கேதான் இருக்கின்றன. 2025 அக்டோபர் 4-இல் வந்த தொடர் தீர்வு முறையில், குறித்த நேரத்துக்குள் ஸ்கேன் செய்து அனுப்பும் செக்குக்கு, அதை எழுதியவரின் வங்கி அன்றே மாலை 7 மணிக்குள் பதில் சொல்ல வேண்டும் என்று வைத்தார்கள். வங்கியில் வைத்திருக்கும் செக் பெட்டியில் போட்ட செக்கை யார் எப்போது எடுப்பார்கள் என்பது வேறு கதை. பெரிய தொகை என்றால் கவுன்டரில் கொடுத்துச் சலானில் முத்திரை வாங்குங்கள். பெட்டி இருக்கிறது என்று சொல்லி மறுக்க வங்கிக்கு உரிமை இல்லை.

பணம் போதவில்லை என்று செக் திரும்பினால், காரணம் எழுதி வங்கி தரும் மெமோவைப் பத்திரப்படுத்துங்கள். தகவல் கிடைத்த 30 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ். கொடுத்தவருக்கு 15 நாள் அவகாசம். அதற்குள் பணம் வராவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் அதே மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆவது பிரிவில் நீதிமன்றத்தில் புகார். வழக்கு நடக்கும் இடம் உங்கள் கணக்கு இருக்கும் கிளையைப் பொறுத்தது. திருநெல்வேலிக் கிளையில் கணக்கு வைத்துக்கொண்டு, அதே வங்கியின் மும்பை சயான் கிளையில் செக்கைப் போட்டாலும் வழக்கு திருநெல்வேலிக்குத்தான் போகும். மும்பையிலேயே ஒரு கணக்கு வைத்திருந்து அதில் போட்டால், வாய்தாவுக்கு வாய்தா ஊருக்கு ரயில் ஏற வேண்டியதில்லை.