அப்பத்தாவின் கையில் உள்ள பச்சை

நேயர்களுக்கு வணக்கம். பாம்பன் சின்னப்பாலத்துக் கரையில் அமர்ந்து பேசுகிறேன். திரையில் நீங்கள் பார்ப்பது என் அப்பத்தாவின் கை. ஆண்டுக்கணக்காகக் கடற்பாசி எடுத்து, உப்புநீரில் ஊறிச் சுருங்கிய இந்தக் கையில் ஒரு புள்ளிக்கோலமும் தாத்தா பெயரின் முதலெழுத்தும் இன்றும் அழியாமல் இருக்கின்றன.

பச்சை குத்தும் வழக்கமே பசிபிக் தீவுகளிலிருந்து மாலுமிகள் கொண்டுவந்தது என்று பலர் நம்புகிறார்கள். அங்கிருந்து வந்தது சொல் மட்டுமே. 1769இல் கேப்டன் குக்கின் கப்பல் டஹிட்டித் தீவை அடைந்தபோது, அத்தீவினர் வழங்கிய 'டட்டாவ்' என்ற சொல்லைக் கேட்டுக் குறித்துக்கொண்டவர்கள் வழியாகத்தான் 'டாட்டூ' பரவியது. வழக்கமோ அதைவிட ஆயிரக்கணக்கான ஆண்டுகள் மூத்தது.

1991இல் ஆஸ்திரிய, இத்தாலிய எல்லையில், ஆல்ப்ஸ் பனிக்குள் ஒரு மனிதரின் உடல் கிடைத்தது. ஏட்சி என்று பெயரிடப்பட்ட அவர் இறந்து ஏறத்தாழ 5,300 ஆண்டுகள் ஆகின்றன. அவர் உடலில் 61 பச்சைக் குறிகள் உள்ளன. அவற்றில் தெய்வ உருவமோ விலங்கோ இல்லை. சிறு கோடுகளும் சிலுவை வடிவங்களும் மட்டுமே. அவற்றுள் பல, கீழ்முதுகு, முழங்கால், கணுக்கால் எனத் தேய்மானம் கண்ட இடங்களை ஒட்டியே இருப்பதால், வலி தீர்வதற்காகக் குத்தியிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். எகிப்தின் கெபலீனில் கிடைத்து, பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ள ஓர் ஆணின் சடலத்தில், கையில் வெறும் கறை போலத் தெரிந்தது, அகச்சிவப்புக் கதிரில் பார்த்தபோது ஒரு காட்டெருதாகவும் ஆடாகவும் தெளிந்தது. அதுவும் 5,000 ஆண்டுப் பழமை உடையது.

மையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏட்சியின் தோலில் இருப்பது கரி. அப்பத்தாவின் தோலில் இருப்பதும் கரியே. அகத்தி இலையையும் மஞ்சளையும் துணியில் தேய்த்துத் திரியாக்கி, ஆமணக்கெண்ணெய் விளக்கில் எரித்து, மேலே புதுச்சட்டியைக் கவிழ்த்து, அதில் படிந்த கரியைச் சுரண்டித் தாய்ப்பாலிலோ தண்ணீரிலோ குழைப்பார்கள். ஊருக்குள் வரும் குறத்தியர், வலி தெரியாதிருக்கப் பாடிக்கொண்டே குத்துவார்கள். ஊசி கொண்டுசெல்லும் கரியை உட்தோலில் உள்ள நோய் எதிர்ப்பு அணுக்கள் விழுங்கி வைத்துக்கொள்கின்றன. ஓர் அணு மடிந்தால் மற்றொன்று அதை வாங்கிக்கொள்கிறது. தோலின் ஊடே பார்ப்பதால் கருமை பச்சையாகத் தெரிகிறது. 'பச்சை' என்று நம் முன்னோர் பெயரிட்டது கண்ணால் கண்டதை வைத்துத்தான். அந்தப் பெயர் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

இப்போது மணிக்கட்டின் உட்புறத்தைக் காட்டுகிறேன். கோலத்தோடு சேராமல் மூன்று புள்ளிகள் தனியாக இருப்பதைப் பாருங்கள். பாறையிலிருந்து பாசியைப் பறித்துப் பறித்து வீங்கிய கைக்காக, வலி போகட்டும் என்று குத்திக்கொண்டதாக அப்பத்தா சொன்னார்.