குழாயைப் பிடுங்கச் சொன்ன அதிகாரி

நேயர்களுக்கு வணக்கம்.

1954 செப்டம்பர். அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் க்ரோட்டன் என்ற ஊர். அங்கே கப்பல் கட்டும் துறையில் நாட்டிலஸ் என்ற நீர்மூழ்கிக் கப்பல் கிட்டத்தட்ட முடிந்த நிலையில் நிற்கிறது. உலகத்தில் அணுசக்தியால் ஓடப்போகிற முதல் கப்பல் அதுதான். எப்போது கடலுக்குப் புறப்படும் என்று பத்திரிகைகள் காத்திருக்கின்றன. அந்த நேரத்தில் நீராவிச் சோதனையின்போது ஒரு சின்னக் குழாய் வெடித்தது.

சின்னக் குழாய்தான். மாற்றிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் அதை எடுத்துப் பார்த்தபோது, வரைபடத்தில் கேட்டிருந்தது மூட்டே இல்லாத சீம்லெஸ் பைப், போட்டிருந்தது பற்றவைத்த மூட்டுள்ள சாதாரணப் பைப் என்று தெரிந்தது. சரி, கப்பலில் இன்னும் எங்கெல்லாம் இந்த மாதிரி பைப் போயிருக்கிறது? பதில் சொல்ல ஒருவராலும் முடியவில்லை. அப்படியானால் அந்த வகை நீராவிக் குழாய் மொத்தத்தையும் பிடுங்கி எறிந்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள் என்று உத்தரவு வந்தது. ஆயிரக்கணக்கான அடி நீளக் குழாய்.

உத்தரவு போட்டவர் ஹைமன் ரிக்கோவர். அமெரிக்கக் கடற்படையின் எஞ்சினியரிங் அதிகாரி. அவரைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

நான் சரக்குக் கப்பல்களில் எஞ்சின் ரூமில் வேலை பார்த்தவன். ஜூனியராக இருந்த காலத்தில் ஒருநாள் ஒரு நீராவி வால்வின் கேஸ்கெட்டை, அதாவது கசிவைத் தடுக்கும் அடைப்பு வளையத்தை, மாற்றியாகிவிட்டது என்று லாக் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எங்கள் செகண்ட் எஞ்சினியர் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "தம்பி, கண்ணால பாத்தியா, யாராவது சொன்னாங்களா?" சொன்னார்கள், நான் பார்க்கவில்லை. டார்ச்சை எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் கீழே போனோம். பழைய கேஸ்கெட்டே இருந்தது. ரிக்கோவரைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் அந்தக் கேள்வி என் காதில் விழுகிறது.

அவர் பிறந்தது போலந்தில், மாக்கோவ் என்ற சிறு ஊரில், ஒரு யூதத் தையற்காரர் வீட்டில். அப்போது அந்த ஊர் ரஷ்யப் பேரரசின் கீழ் இருந்தது. பிறந்த ஆண்டு 1900 என்று அவர் சொன்னார்; சில ஆவணங்களில் 1898 என்று இருக்கிறது. குடும்பம் அமெரிக்கா வந்து சிகாகோவில் குடியேறியது. பள்ளியில் படிக்கும்போதே தந்தி கொண்டுபோய்க் கொடுக்கும் பையனாக வேலை பார்த்தார். பிறகு கடற்படை அகாதெமியில் சேர்ந்து 1922-ல் தேறினார். 540 பேரில் 107-வது இடம். அப்புறம் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல், எஸ்-48 என்ற பழைய நீர்மூழ்கியில் சில ஆண்டுகள்.

நியூ மெக்சிகோ என்ற போர்க்கப்பலில் அவர் துணை எஞ்சினியர் அதிகாரியாக இருந்த காலம் எனக்கு மிகவும் பிடிக்கும். எரிபொருளை மிச்சம் பிடிக்க அவர் எதையும் விட்டுவைக்கவில்லை. குளிர்காலத்தில் அதிகாரிகளின் அறைகளுக்குப் போகும் வெப்பத்தைக்கூடக் குறைத்தார். அவர்கள் கோட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். ஆனால் கப்பல் சிக்கனத்துக்கான முதல் பரிசைத் தட்டிக்கொண்டு வந்தது.

1937-ல் ஒரு முக்கியமான முடிவு எடுத்தார். இனி எஞ்சினியரிங் வேலை மட்டும் போதும் என்று எழுதிக்கொடுத்தார். அதன் பொருள், வாழ்நாளில் இனி எந்தக் கப்பலுக்கும் தலைமை ஏற்க முடியாது. கடற்படையில் மேலே கப்பலை நடத்தும் அறையில் நிற்கிறவருக்கும் கீழே எஞ்சினோடு இருக்கிறவருக்கும் நடுவே எப்போதும் ஒரு படி இருக்கும். அந்தப் படியின் கீழ்ப்பக்கத்தை அவரே தேர்ந்துகொண்டார்.

1946-ல் அணுசக்தி படிக்க ஓக் ரிட்ஜ் என்ற அமெரிக்க அணு ஆய்வு மையத்துக்கு அனுப்பப்பட்ட கடற்படை அதிகாரிகளில் அவரும் ஒருவர். அதுவரை நீர்மூழ்கி என்றால் பேட்டரியில் கொஞ்ச நேரம் மூழ்கி ஓடும் கப்பல். டீசல் எஞ்சினுக்குக் காற்று வேண்டும். காற்றுக்காக மேலே வந்தே ஆக வேண்டும். அணு உலைக்குக் காற்று தேவையில்லை. அந்த ஒரு வித்தியாசம்தான் எல்லாவற்றையும் மாற்றியது.

உலையில் எதைக் கொண்டு வெப்பத்தை எடுப்பது என்று பெரிய விவாதம் நடந்தது. உருகிய சோடியம் ஒரு வழி, தண்ணீர் இன்னொரு வழி. ரிக்கோவர் இரண்டையும் செய்து பார்த்தார். கடைசியில் தண்ணீரையே நம்பினார். நம் வீட்டுக் குக்கர் மாதிரிதான். அழுத்தம் கூடினால் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காது. உலையில் அழுத்தம் மிக அதிகம் என்பதால் 200 டிகிரியைத் தாண்டியும் அது தண்ணீராகவே ஓடுகிறது. அந்தச் சூட்டை வேறொரு தண்ணீருக்குக் கொடுத்து ஆவியாக்கி, அந்த ஆவியால் டர்பைனைச் சுற்றுகிறார்கள். நம் கூடங்குளம் உலைகளும் இந்த அழுத்த நீர் வகையைச் சேர்ந்தவையே.

எரிபொருளுக்கு உறை போட, நியூட்ரான்களை விழுங்காத, துருப்பிடிக்காத ஓர் உலோகம் வேண்டும். ஜிர்கோனியம் பொருந்தியது. ஆனால் அன்று அது ஆய்வுக்கூடத்தில் கொஞ்சமாகக் கிடைத்த பொருள். அதைத் தொழிற்சாலை அளவில் செய்யவைத்தது ரிக்கோவரின் திட்டம்தான். மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் கால் வைத்திருக்கிறீர்களா? அந்த மணலில் இருக்கும் ஜிர்கானிலிருந்து எடுப்பதும் இதே உலோகத்தைத்தான்.

முதல் உலையை ஐடஹோ பாலைவனத்தில், கப்பலின் உடல் மாதிரியே ஒரு கூட்டுக்குள் கட்டினார். 1953 ஜூனில் முழுச் சக்தியில் ஓடவிட்டார்கள். 24 மணி நேரம் முடிந்ததும் போதும் என்றார்கள் எஞ்சினியர்கள். ரிக்கோவர் ஒப்பவில்லை. அட்லாண்டிக் வரைபடத்தை விரித்து, பாலைவனத்தில் நின்றபடியே கப்பல் எங்கே போயிருக்கும் என்று கோடு போடச் சொன்னார். கோளாறுகள் தலைகாட்டின, நிறுத்தவில்லை. நான்கு நாளில் கோடு அயர்லாந்தைத் தொட்டது. பிற்காலத்தில் நம் அரிஹந்த் நீர்மூழ்கிக்கான உலையையும் இப்படித்தான் முதலில் கல்பாக்கத்தில் தரையில் ஓட்டிப் பார்த்தார்கள்.

இவ்வளவு செய்த ஆளுக்குக் கடற்படை 1951-லும் 1952-லும் அட்மிரல் பதவி உயர்வு தர மறுத்தது. இரண்டு முறை மறுத்தால் வீட்டுக்குப் போக வேண்டும் என்பது விதி. அமெரிக்க நாடாளுமன்றத்தின் மேலவையான செனட் தலையிட்டுத்தான் 1953-ல் அவர் ரியர் அட்மிரல் ஆனார். எல்லோரிடமும் சண்டை போட்டவர், சீருடையைவிடச் சாதாரணச் சட்டையில் அதிகம் திரிந்தவர். கடற்படை மேலதிகாரிகளுக்கு அவரைப் பிடிக்கவில்லை.

அந்தக் குழாய்கள் மாற்றப்பட்டு, 1955 ஜனவரி 17-ல் நாட்டிலஸ் புறப்பட்டது. அதே ஆண்டு மே மாதம், மூழ்கியபடியே 90 மணி நேரத்துக்குள் சுமார் 2,200 கிலோமீட்டர் போனது. 1958 ஆகஸ்ட் 3-ல் வடதுருவத்தின் அடியில் கடந்தது.

அணுக்கப்பலுக்கு வரும் இளம் அதிகாரிகளை அவரே நேர்காணல் செய்வார். முன்னங்கால்களைக் குட்டையாக்கிய நாற்காலியில் உட்காரவைப்பார், வழுக்கிக்கொண்டே இருக்கும். இந்தக் கடுமை எனக்கு உடன்பாடில்லை. பயந்துபோன ஜூனியர் கசிவைப் பார்த்தாலும் வாயைத் திறக்கமாட்டான், எஞ்சின் ரூமில் அது ஆபத்து. ஆனால் பிற்பாடு ஜனாதிபதியான ஜிம்மி கார்ட்டரிடம் அவர் கேட்ட கேள்வியை நான் மதிக்கிறேன். அகாதெமியில் முழு முயற்சியும் போட்டாயா என்றார். எல்லா நேரமும் போட்டேன் என்று சொல்ல முடியாது என்றார் கார்ட்டர். ரிக்கோவர் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு, ஏன் போடவில்லை என்று மட்டும் கேட்டார்.

1961-ல் சோவியத் நீர்மூழ்கி கே-19-ல் உலையைக் குளிர்விக்கும் குழாயில் கசிவு. அதைச் சரிசெய்ய உள்ளே போன மாலுமிகள் உட்பட எட்டுப் பேர் சில வாரங்களுக்குள் கதிர்வீச்சால் இறந்தார்கள். 1963 ஏப்ரல் 10-ல் அமெரிக்காவின் அணு நீர்மூழ்கி த்ரெஷர் 129 பேரோடு மூழ்கிப்போனது. எஞ்சின் பகுதியில் ஒரு கடல்நீர்க் குழாய் விட்டுப்போய், உலை நின்று, மேலே வர விசை இல்லாமல் போயிருக்கலாம் என்றது விசாரணை. நின்ற உலையைத் திரும்பக் கிளப்ப அன்றைய முறைப்படி நேரம் பிடிக்கும். அந்த முறையை வகுத்தவர்கள் ரிக்கோவரின் ஆட்கள். பிறகு அதைச் சுருக்கினார்கள். இதைச் சொல்லாமல் அவரைப் புகழ்வது நியாயமில்லை.

தன் மகனையே அந்தக் கப்பலில் அனுப்பும் அளவுக்குப் பாதுகாப்பாக இருக்க வேண்டும் என்பது அவர் அளவுகோல். புதிய அணுக்கப்பல்கள் முதல் சோதனை ஓட்டத்துக்குப் போகும்போது தானும் உள்ளே இருப்பார். கடலுக்கு அடியிலிருந்தபடி அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் உறுப்பினர்களுக்குக் கடிதம் எழுதுவார்.

63 ஆண்டு சேவைக்குப் பிறகு, 1982 ஜனவரியில் அவரை ஓய்வில் அனுப்பினார்கள். ஒப்பந்த நிறுவனமொன்றிடம் பல ஆண்டுகள் பரிசுப் பொருள்கள் வாங்கினார் என்று 1985-ல் கண்டனக் கடிதமும் வந்தது. வருத்தமான விஷயம், ஆனால் நடந்தது. அடுத்த ஆண்டு ஜூலை 8-ல் இறந்தார்.

ஓய்வு பெறுகிற அந்த ஜனவரியில் அவரைக் காங்கிரஸ் குழுவின் முன்னால் பேசச் சொன்னார்கள். கட்டிய கப்பல்களைப் பற்றிக் கேட்டபோது, அவை தவிர்க்க முடியாத ஒரு தீமை, முடிந்தால் எல்லாவற்றையும் மூழ்கடித்துவிடுவேன், இதில் என் பங்கைப் பற்றி எனக்குப் பெருமை இல்லை, நாட்டின் பாதுகாப்புக்குத் தேவை என்றுதான் செய்தேன் என்றார். ஒவ்வொரு குழாயையும் கண்ணால் பார்க்கச் சொன்ன அந்த மனிதர் அப்போது 82 வயதை எட்டியிருந்தார்.

நன்றி, வணக்கம்.