சீட்டில் ஒரு பிரிவு எண்

நேயர்களுக்கு வணக்கம். சீசன் நேரத்தில் நம் கொடைக்கானல் வெள்ளி நீர்வீழ்ச்சிப் பக்கம் டோல்கேட்டில் நின்றிருப்பீர்கள். வண்டி நின்றதும் கண்ணாடி இறங்கும், காசு கைமாறும், ஒரு சின்னச் சீட்டு உள்ளே வரும். அதை யாரும் படிப்பதில்லை.

2011 கணக்கெடுப்பில் கொடைக்கானல் நகராட்சியில் இருந்தவர்கள் 36,501 பேர். ஆனால் ஏப்ரல், மே மாதங்களில் குப்பையும் தண்ணீர்த் தட்டுப்பாடும் அந்தக் கணக்குக்குள் அடங்குவதில்லை. அதனால்தான் டீக்கடையில் பலர் கேட்கிறார்கள்: “வெளியூர்க்காரர்களுக்கு நம்ம நகராட்சியே ஒரு வரி போட்டால் என்ன?” நியாயமான ஆதங்கம்தான். ஆனால் நகராட்சித் தீர்மானம் மட்டும் போதாது.

சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் எந்த வரியும் வசூலிக்கக் கூடாது என்கிறது அரசியலமைப்பின் 265ஆவது பிரிவு. நகராட்சிகளைப் பற்றிய 12ஆவது அட்டவணையில் பதினெட்டு வேலைகள் இருக்கின்றன. அதில் வரி ஒன்றுகூட இல்லை. வரி போடும் அதிகாரத்தை, 243எக்ஸ் பிரிவின்படி, மாநிலச் சட்டமன்றம் சட்டம் இயற்றித்தான் கொடுக்க முடியும்.

சரி, கொடைக்கானலுக்கென்றே சட்டமன்றம் தனிச் சட்டம் போடலாமா? போடலாம். ஆனால் தன்னிடம் இல்லாததைச் சட்டமன்றமும் கொடுக்க முடியாது. ஊருக்குள் வரும் சரக்குக்கான நுழைவு வரி, மாநிலங்கள் எவற்றில் சட்டம் போடலாம் என்று சொல்லும் அரசியலமைப்பின் மாநிலப் பட்டியலில் 52ஆவது பதிவாக இருந்தது. 2016இல் ஜிஎஸ்டிக்காக வந்த 101ஆவது திருத்தம் அதை நீக்கிவிட்டது. விடுதி அறைகளுக்குப் போட்டுவந்த சொகுசு வரிக்கான இடமும் அதோடு போயிற்று. கேளிக்கை வரி மட்டும், உள்ளாட்சிகள் விதித்து வசூலிக்கும் அளவுக்கு மிஞ்சியிருக்கிறது. தொழில்வரியோ ஒருவருக்கு ஆண்டுக்கு 2,500 ரூபாயைத் தாண்டக் கூடாது. அது 276ஆவது பிரிவு கட்டிய வரம்பு. எந்தத் தனிச் சட்டமும் அதை உயர்த்த முடியாது.

அப்புறம், ஓர் ஊரை மட்டும் பிரித்தெடுத்தால், சட்டத்தின் முன் எல்லோரும் சமம் என்கிற 14ஆவது பிரிவு காரணம் கேட்கும். மலைச்சரிவு, குடிநீர், கூட்டம் என்று நம்மிடம் காரணம் நிறையவே உண்டு. அதைச் சட்டத்திலேயே எழுதிவைக்க வேண்டும் என்பது என் எண்ணம். விகிதத்தை நகராட்சியிடம் விடலாம், ஆனால் வழிகாட்டுதலும் கட்டுப்பாடும் வேண்டும் என்பது 1968இல் டெல்லி மாநகராட்சி வழக்கில் உச்ச நீதிமன்றம் காட்டிய வழி.

வரி என்று சொல்லாமல் ‘கட்டணம்’ என்று பெயர் மாற்றினால் தப்பிவிடலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. சிரூர் மடம் வழக்கு நம் பக்கத்து வழக்குதான். சென்னை மாநில அறநிலையச் சட்டம் மடங்களிடம் கேட்ட தொகை கட்டணமல்ல, வரியே என்று 1954இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. மாநிலத்துக்கு அந்த அதிகாரம் இல்லை என்று அந்தப் பிரிவையே செல்லாததாக்கியது. பெயரைப் பார்க்கவில்லை, பணம் எதற்குப் போகிறது என்று பார்த்தது.

ஆகவே நம் சீட்டில் எந்தச் சட்டம், எந்தப் பிரிவு என்று அச்சிடச் சொல்லி உங்கள் வார்டு உறுப்பினரிடம் கேளுங்கள். என் வார்டில் நான் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.