மார்க்கைத் தவிர வேறு பேச்சு

நேயர்களுக்கு வணக்கம்.

பிளஸ் டூ ரிசல்ட் வருகிற காலையில் பிள்ளையின் போனுக்கு முன்னால் பெற்றோரின் போன்தான் அலறும். சித்தப்பா, அத்தை, எதிர்வீட்டு அக்கா என்று எல்லோருக்கும் ஒரே கேள்வி: "எவ்வளவு?" மாநில அளவில் முதலிடம், இரண்டாமிடம் என்று பெயர் அறிவிப்பதைத் தமிழ்நாடு அரசு 2017-லேயே நிறுத்திவிட்டது. அந்த வேலையை இப்போது உறவினர் வாட்ஸ்அப் குழுக்கள் எடுத்துச் செய்கின்றன! 2019 முதல் மொத்த மதிப்பெண் 600தான். ஆனாலும், "நான் அந்தக் காலத்திலேயே ஆயிரத்தைத் தாண்டினவன்" என்று 1200 கணக்கில் பேசும் அப்பாக்கள் இன்னும் இருக்கிறார்கள்.

சரி, ஒரு சாதாரண நாளில் பிள்ளையோடு என்ன பேசுகிறோம்? "எந்திரி, டியூஷனுக்கு நேரமாச்சு. டெஸ்ட் பேப்பர் குடுத்தாங்களா? போனைக் கீழே வை." ஒன்று அதட்டல், இல்லாவிட்டால் விசாரணை. இந்த இரண்டையும் விட்டால் வேறு பேச்சில்லாத வீட்டில், கெமிஸ்ட்ரி புரியவில்லை என்று எந்தப் பிள்ளை வாய் திறக்கும்? டெஸ்ட் பேப்பர் மெத்தைக்கு அடியில்தான் போகும்.

அப்பாக்களிடம் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். பல வீடுகளில் மகனுக்கும் அப்பாவுக்கும் நடுவே அம்மாதான் தபால்காரர். "டூருக்குப் பணம் வேணும், அப்பாகிட்ட நீயே சொல்லிடும்மா." அந்தப் பையன் கல்லூரி விடுதிக்குப் போன பிறகு போனில் நடப்பதைக் கேளுங்கள்.

"சாப்பிட்டியா?"

"ம்."

"படிக்கிறியா?"

"ம்."

"சரி, அம்மாகிட்ட குடுக்கறேன்."

பாசத்துக்குக் குறைவில்லை. பேசிப் பழக்கமில்லை, அவ்வளவுதான்.

அந்தப் பழக்கத்தை ஏழாவது, எட்டாவது படிக்கும்போதே தொடங்கிவிட வேண்டும். டியூஷனில் கொண்டுபோய் விடுகிற அந்தப் பத்து நிமிட வண்டிப் பயணம் இதற்குத் தோதான நேரம். முகத்துக்கு நேரே சொல்ல முடியாததைப் பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டு பிள்ளைகள் சொல்லிவிடுவார்கள். அங்கேயும் மார்க்கை இழுக்காதீர்கள். நேற்றைய மேட்ச், பிள்ளை முணுமுணுக்கிற பாட்டு, ஆபீஸில் நீங்கள் மேலதிகாரியிடம் வாங்கிக்கட்டிக்கொண்டது, எதையாவது பேசுங்கள். முதலில் "ம்" மட்டும்தான் வரும். வரட்டும், அவசரமில்லை.

அப்புறம், பிளஸ் டூ பிள்ளை இருக்கிற வீட்டுக்கு ஒரு விஷயம். ஒரு பாடம் போய்விட்டாலும், சில வாரங்களிலேயே துணைத்தேர்வு உண்டு. அதில் தேறினால் அந்த வருடமே மேற்படிப்பில் சேர வழியிருக்கிறது. ரிசல்ட் வந்து, வீடே இடிந்துபோய் உட்கார்ந்திருக்கும்போது இதைச் சொன்னால் காதில் ஏறாது. முன்கூட்டியே, சாப்பிடும்போது பேச்சோடு பேச்சாகச் சொல்லி வையுங்கள். பிள்ளை சாப்பாட்டை ஒதுக்கி, அறைக்குள்ளேயே அடைந்து கிடந்தால் 14416-க்குக் கூப்பிடுங்கள். மத்திய அரசின் டெலி மனஸ் மனநல உதவி எண் அது. கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம். ரிசல்ட் வாரத்தில் தூக்கம் கெட்டுப்போகிற அப்பா அம்மாவும் தாராளமாகக் கூப்பிடலாம்.

நன்றி, வணக்கம்.