முதலில் சூடு, பிறகு பால்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம். ஓர் ஈற்றில் ஆறேழு குட்டிகள் பிறக்கும்போது, அவற்றுள் ஒன்று மட்டும் மற்றவற்றில் பாதி எடையோடு, தாயின் மடியில் முட்டி மோதி இடம்பிடிக்கத் தெம்பில்லாமல் ஓரமாக ஒதுங்கிக் கிடப்பதை நாய் வளர்ப்பவர்கள் பலரும் பார்த்திருப்பீர்கள். அந்த நோஞ்சான் குட்டியைக் கையால் புகட்டி வளர்த்தெடுப்பது பற்றிப் பேசவே என்னை அழைத்திருக்கிறார்கள். நான் கால்நடை மருத்துவர் அல்லன். இத்தகைய குட்டிகளைப் பல ஆண்டுகளாக வளர்த்தும், சிலவற்றை இழந்தும், ஒவ்வொரு முறையும் மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டவன் என்ற அளவில்தான் பேசுகிறேன்.

முதன்முதலாக அப்படியொரு குட்டி என் கைக்கு வந்தபோது, அதன் உடல் தொட்டால் சில்லென்று இருந்தது. பசிதான் காரணம் என்று நானே முடிவுகட்டி, பாலைக் காய்ச்சி ஆற்றிச் சொட்டுச் சொட்டாக அதன் வாயில் விட்டேன். கொஞ்சம் உள்ளே போயிற்று. சற்று நேரத்தில் வயிறு உப்பியது. விடிவதற்குள் மூக்கோரத்தில் பால் நுரைத்து நிற்க, குட்டி அடங்கிவிட்டது. நடந்தது என்ன என்பதை மருத்துவர் பின்னர் விளக்கியபோதுதான், பசியைவிடக் குளிர் அதற்கு எவ்வளவு பெரிய எதிரி என்பது எனக்குப் புரிந்தது. அதனால்தான் பாலைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் சூட்டைப் பற்றிப் பேச விரும்புகிறேன்.

பிறந்த நாய்க்குட்டியால் தன் உடல் வெப்பத்தைத் தானே காத்துக்கொள்ள முடியாது. ஏறக்குறைய முதல் ஒரு வாரம் அதற்குக் குளிரில் நடுங்கக்கூடத் தெரியாது; தோலுக்கு அடியில் கொழுப்பும் மிகக் குறைவு. தாயின் வயிறும் கூடப்பிறந்தவற்றின் நெருக்கமுமே அதற்குப் போர்வை. உடல் சிறுக்கச் சிறுக்க, எடையோடு ஒப்பிடும்போது தோலின் பரப்பு கூடுவதால், எடை குறைந்த குட்டியிடமிருந்து சூடு இன்னும் விரைவாக வெளியேறுகிறது. முதல் வாரத்தில் குட்டியின் ஆசனவாயில் வெப்பமானி வைத்துப் பார்த்தால் 35 முதல் 37 டிகிரி செல்சியஸ் வரை காட்டுவது இயல்பு. அதற்குக் கீழே இறங்க இறங்கக் குடலின் அசைவு மந்தமாகி, ஒரு கட்டத்தில் நின்றே போகிறது. சப்பும் ஆற்றலும் விழுங்கும் ஆற்றலும் தளர்ந்துவிடுகின்றன. அந்த நிலையில் புகட்டிய பால் செரிக்காமல் வயிற்றிலேயே தங்கிப் புளிக்கும். அல்லது புரையேறி நுரையீரலுக்குள் இறங்கும். என் முதல் குட்டிக்கு இரண்டுமே நேர்ந்தன.

வெப்பமானி கையில் இல்லாவிட்டாலும் ஒரு சோதனை உண்டு. கையை நன்றாகக் கழுவிவிட்டுச் சுண்டுவிரலின் நுனியைக் குட்டியின் வாய்க்குள் மெல்ல வையுங்கள். உள்ளே கதகதப்பாக இருந்து, நாக்கு விரலைச் சுற்றி வளைந்து இறுக்கிச் சப்பினால் பால் கொடுக்கலாம். வாய்க்குள் குளிர்ச்சியாக இருந்து, நாக்கு அசையாமல் கிடந்தால், அது எத்தனை பசியோடு இருந்தாலும் அப்போது பால் கூடாது.

குளிர்ந்த குட்டியைச் சட்டென்று சூடேற்றுவதும் ஆபத்துதான். ஒரு மணி முதல் மூன்று மணி நேரம் வரை எடுத்துக்கொண்டு, படிப்படியாகவே உடலைச் சூட்டுக்குக் கொண்டுவர வேண்டும். நெஞ்சோடு சேர்த்துச் சட்டைக்குள் வைத்துக்கொள்வது, எளிதான வழிகளில் எனக்கு மிகவும் பிடித்தது. பெட்டியில் வைப்பதானால், வெந்நீர்ப் பையைத் தடித்த துணியில் சுற்றிப் பெட்டியின் ஒரு பாதியில் மட்டும் வைக்க வேண்டும். சூடு மிகுந்தால் குட்டி நகர்ந்துபோக மறுபாதி வேண்டும். நகரவே தெம்பில்லாத குட்டியாக இருந்தால், நாம்தான் அடிக்கடி தொட்டுப் பார்த்துத் திருப்பிப் படுக்கவைக்க வேண்டும், இல்லாவிட்டால் தோல் வெந்துபோகும். முதல் வாரத்தில் குட்டி படுத்திருக்கும் இடம் 29 முதல் 32 டிகிரி வரை இருக்கலாம். பிறகு வாரத்துக்கு வாரம் சிறிது சிறிதாகக் குறைத்துக்கொள்ளலாம்.

கையால் வளர்ப்பதென்றால் தாயிடமிருந்து பிரிப்பது என்று சிலர் எண்ணிக்கொள்கிறார்கள். தாய் அதை ஏற்கும்வரை தாயோடு விட்டு, குறைவதை மட்டும் நாம் ஈடுகட்டுவதே நல்லது. குறிப்பாக முதல் நாளின் சீம்பாலுக்கு மாற்றே கிடையாது. நோயெதிர்ப்புப் பொருள்களில் மிகச் சிறிய பங்குதான் கருவிலேயே குட்டிக்குப் போய்ச் சேர்கிறது. மீதி அத்தனையும் சீம்பால் வழியாகவே வர வேண்டும். அவற்றை அப்படியே உள்வாங்கும் திறன் குட்டியின் குடலில் பிறந்து ஒரு நாளுக்குள் அடைபட்டுவிடுகிறது. எனவே வலுவான குட்டிகளைச் சிறிது நேரம் விலக்கி வைத்துவிட்டு, நோஞ்சானைப் பால் நிறைந்த பின்காம்பில் சேர்த்துப் பிடித்துக் குடிக்கவிடுங்கள். அந்தப் பத்து நிமிடம் பெரிய உதவி.

புகட்டும் பாலுக்கு வருகிறேன். பசும்பாலில் புரதமும் கொழுப்பும் நாய்ப்பாலில் இருப்பதில் ஏறத்தாழ பாதிதான், பால்சர்க்கரையோ அதிகம். அதனால் குட்டிக்குப் போதிய வலு கிடைக்காததோடு வயிற்றுப்போக்கும் வருகிறது. நாய்க்குட்டிகளுக்கென்றே விற்கும் பால்மாவை, உறையில் சொன்ன அளவில் கரைத்து, உடல் சூட்டுக்கு, அதாவது 37 அல்லது 38 டிகிரிக்குக் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். 180 கிராம் எடையுள்ள குட்டிக்கு ஒரு நாளுக்குச் சுமார் 40 மில்லிலிட்டர் தேவைப்படும். அதை எட்டு வேளையாகப் பிரித்தால் வேளைக்கு 5 மில்லிலிட்டர். ஒரு தேக்கரண்டி அளவுதான். இரவிலும் மூன்று மணிக்கொரு முறை எழத்தான் வேண்டும்.

கைக்குழந்தையைப் போல மல்லாத்திப் புகட்டக் கூடாது. தாயிடம் குடிப்பதைப் போலவே குட்டி குப்புறப் படுத்திருக்க, தலை மட்டும் சற்று உயர்ந்திருக்க வேண்டும். முன்கால்களுக்கு மடித்த துண்டு ஒன்றைக் கொடுத்தால், தாயின் மடியைப் பிசைவதைப் போல அதைப் பிசைந்துகொண்டே குடிக்கும். புட்டியைக் கவிழ்த்தால் காம்பிலிருந்து பால் தானாக ஒழுகக் கூடாது. சொட்டாகத் திரண்டு தொங்க வேண்டும். ஒருபோதும் புட்டியை அமுக்காதீர்கள். மூக்கு வழியாகப் பால் வந்தால் உடனே நிறுத்திவிட்டு, அண்ணத்தில் பிளவு இருக்கிறதா என்று மருத்துவரிடம் காட்டுங்கள். சப்பவே முடியாத குட்டிக்குக் குழாய் வழியாக வயிற்றுக்குப் பால் செலுத்துவார்கள். அதை மருத்துவர் அருகில் நின்று கற்றுக்கொடுத்த பிறகே செய்ய வேண்டும்.

பால் குடித்து முடித்ததும், வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் அடிவயிற்றின் கீழே மெல்லத் துடைத்துவிட வேண்டும். தாய் நக்கித் தூண்டாமல் குட்டி சிறுநீரோ மலமோ கழிக்காது. மூன்று வாரம் வரை இந்த வேலை நம்முடையது. சிறுநீர் அடர்மஞ்சளாக இருந்தால் உடலில் நீர் போதவில்லை என்று பொருள்.

இவை எல்லாவற்றுக்கும் சாட்சி தராசுதான். கிராம் காட்டும் சமையலறைத் தராசு போதும். தினமும் ஒரே நேரத்தில் நிறுத்துக் குறித்து வையுங்கள். முதல் நாளில் சிறிது இறங்கலாம். அதன்பின் பிறந்த எடையில் நூற்றுக்கு 5 முதல் 10 பங்கு வரை நாள்தோறும் ஏற வேண்டும். எடை ஏறாமல் நின்றாலோ, குட்டி ஓயாமல் கத்தினாலோ, துணிபோலத் துவண்டாலோ மறுநாள் வரை காத்திருக்காதீர்கள். இத்தனை சிறிய உடலில் சர்க்கரையும் நீரும் குறைந்து உயிர் போக மணிக்கணக்கே போதும்.

பிறகொரு ஈற்றில் 180 கிராமோடு ஒரு பெண்குட்டி பிறந்தது. அதனுடன் பிறந்தவை 300 கிராமுக்கு மேல். முதல் நாள் மாலை அது 172 கிராமுக்கு இறங்கியது. இரண்டு நாள் அதை நெஞ்சிலேயே வைத்திருந்தேன். நான்காம் நாள் 196. பதின்மூன்றாம் நாள் காலையில் 361 என்று தராசு காட்டியபோது, அதன் இடது கண்ணில் நூல் போன்ற ஒரு பிளவு தெரிந்தது. உள்ளே சாம்பல் கலந்த நீலம். அன்று புட்டியை நீட்டியபோது இரண்டு மில்லிலிட்டரிலேயே முகத்தைத் திருப்பிக்கொண்டது. தாயருகே விட்டேன், கூடப்பிறந்த இரண்டு குட்டிகளின் மேல் ஏறி, நடுவில் தலையை நுழைத்து, ஒரு காம்பைத் தானாகவே பிடித்துக்கொண்டது.