டோட்ஸ்டூல் மூடிக்கிடக்கிறது, எடுத்துப் போட்டுவிடலாமா?

அடுத்த கேள்விக்குப் போகலாம். "அண்ணா, ரீஃப் டேங்க் (பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி) வைத்து ஆறு மாதம் ஆகிறது. அதில் ஒரு டோட்ஸ்டூல் லெதர் கோரல், அதாவது காளான் குடை மாதிரி இருக்கும் மென்பவளம், இருக்கிறது. ஐந்து நாளாக அதன் மேல் பூ மாதிரி விரியும் பாலிப் ஒன்றுகூட வெளியே வரவில்லை. மேல்பக்கம் மெழுகு பூசியது போல் மின்னுகிறது. செத்துவிட்டதா, எடுத்துப் போட்டுவிடவா? நைட்ரேட் சைபர், பாஸ்பேட் சைபர், தண்ணீர் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. அடுத்து ஸீனியா என்ற மென்பவளம் வாங்கலாமா?"

தம்பி, முதலில் கையைத் தொட்டியிலிருந்து வெளியே எடுங்கள். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் அது சாகவில்லை, தோல் உரிக்கிறது. பாம்பு சட்டை உரிப்பதில்லையா, கிட்டத்தட்ட அதுதான். இருந்த இடத்திலேயே இருக்கும் உயிர் என்பதால் அதன் மேல் பாசியும் தூசியும் படியும். அதைக் கழற்றிவிட, பாலிப்களை எல்லாம் உள்ளே இழுத்துக்கொண்டு மெழுகு மாதிரி ஒரு படலத்தைச் சுரக்கும். அப்போது குடை சுருங்கி, நிறம் மங்கி, பார்க்கவே பாவமாக இருக்கும். அப்புறம் ஓரத்தில் படலம் கிளம்பும், பால் ஆடை போல மெல்லிசாகத் தொங்கும், கடைசியில் நீரோட்டத்தோடு போய்விடும். சில நாளில் முடியலாம், இரண்டு மூன்று வாரமும் இழுக்கலாம்.

நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான்: கொஞ்சம் நீரோட்டம் கொடுங்கள். வேவ்மேக்கரை (தொட்டிக்குள் நீரோட்டம் உண்டாக்கும் பம்பை) நேராக அதன் முகத்தில் அடிக்கிற மாதிரி வைக்கக்கூடாது. எதிர்க் கண்ணாடியில் பட்டுத் திரும்பி வந்து உரசிப் போனால் போதும். தொங்குகிற படலம் போகவில்லையா, ஒரு சிறு பம்பால் மெதுவாகத் தண்ணீரைப் பீய்ச்சுங்கள். கையால் உரிக்காதீர்கள்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், என் முதல் டோட்ஸ்டூலை நானே கெடுத்தேன். நான்காவது நாளே பொறுமை போய், வெளியே எடுத்து டூத்பிரஷால் தேய்த்தேன். படலத்தோடு சதையும் கிழிந்தது. கிழிந்த இடம் பழுப்பாகி, ஒரு வாரத்தில் பாதிக் குடை கரைந்துவிட்டது. மீதியை வெட்டிப் போட்டுவிட்டு, தண்டை மட்டும் மனசு வராமல் விட்டுவைத்தேன். சில மாதத்தில் அந்தத் தண்டின் தலையில் புதுக்குடை முளைத்தது. லெதர் கோரல் அவ்வளவு கெட்டி. நாம்தான் அவசரக்காரர்கள்.

சரி, உண்மையிலேயே அழுகினால் எப்படித் தெரியும்? உரிக்கும்போது குடை முழுக்க ஒரே மாதிரி மின்னும், தண்டு விறைப்பாக நிற்கும். அழுகும்போது ஒரு இடத்தில் மட்டும் பழுப்பு அல்லது கறுப்புத் திட்டு வரும், அது நாளுக்கு நாள் பரவும், தொட்டால் கொழகொழவென்று பிரியும், தண்ணீருக்கு வெளியே எடுத்தால் நாறும். அப்போது காத்திருக்கவே கூடாது. தொட்டித் தண்ணீரை ஒரு பாத்திரத்தில் எடுத்து, அதில் வைத்து, புது பிளேடால் நல்ல சதை வரை வெட்டி எடுங்கள். வெட்டிய தண்ணீரைத் தொட்டியில் ஊற்றாதீர்கள், அது முழுக்க அதன் கசிவு இருக்கும்.

இப்போது "தண்ணீர் எல்லாம் சரி" என்று சொன்னீர்கள் பாருங்கள், அங்கேதான் எனக்கு உடன்பாடு இல்லை. இரண்டுமே சைபர் என்பது நல்ல மதிப்பெண் அல்ல, பட்டினி. லெதர் கோரலின் சதைக்குள் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. வெளிச்சத்தை வைத்து அவை சமைப்பதில்தான் கோரல் பெரும்பாலும் சாப்பிடுகிறது. அந்தப் பாசிக்கு நைட்ரஜனும் பாஸ்பரஸும் வேண்டும். போதாததற்கு, இப்படிக் கழுவித் துடைத்த தொட்டியில்தான் டைனோ (டைனோஃப்ளாஜெல்லேட் என்ற நுண்ணுயிர்) வந்து பழுப்புச் சளியாகப் படர்கிறது. நைட்ரேட் 5 முதல் 10 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு), பாஸ்பேட் 0.05 பக்கத்தில் இருந்தால் மென்பவளங்களுக்குச் சுகம். மீனுக்குத் தீனி கொஞ்சம் கூடப் போடுங்கள், ஸ்கிம்மரை (நுரை கட்டி அழுக்கை எடுக்கும் கருவியை) கொஞ்சம் குறையுங்கள். கோரலுக்கென்று தனி உணவு வாங்கிக் கொட்ட வேண்டாம்.

உப்பையும் ஒருமுறை பாருங்கள். ஆவியாவது தண்ணீர் மட்டும், உப்பு உள்ளேயே நிற்கும். அதனால் குறைந்த அளவுக்கு ஆர்ஓ-டிஐ தண்ணீர்தான் (உப்பும் தாதுக்களும் நீக்கிய சுத்தத் தண்ணீர்) ஊற்ற வேண்டும், உப்புத் தண்ணீர் அல்ல. அடர்த்தி 1.025 பக்கத்தில் அசையாமல் நிற்கட்டும். உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரை 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு உப்பு) திரவத்தில் வைத்துச் சரிபாருங்கள். வெறும் தண்ணீரில் சைபர் காட்டுகிறது என்று நம்பிவிடாதீர்கள்.

ஸீனியா... வாங்கலாம், ஆனால் முக்கியப் பாறையில் வைக்காதீர்கள். தனியாக, மணல் நடுவில் ஒரு சின்னக் கல்லில் வையுங்கள். பச்சை ஸ்டார் பாலிப் என்ற இன்னொரு மென்பவளத்துக்கும் இதே பேச்சுதான். 'சுலபமான கோரல்' என்றால் நிறுத்துவதும் கஷ்டம் என்று அர்த்தம். பாறையில் ஒட்டிப் பரவிவிட்டால் சுரண்டிச் சுரண்டிக் கை ஓய்ந்துவிடும். பக்கத்தில் கல்பவளம் ஏதாவது இருந்தால் லெதரின் கசிவு அதற்கு ஆகாது. அந்தக் கசிவை உறிஞ்ச ஃபில்டரில் கார்பன் (கரி) போட்டு மாதம் ஒருமுறை மாற்றுங்கள்.

அதுவரை தினமும் ஒரே நேரத்தில், ஒரே இடத்திலிருந்து டோட்ஸ்டூலை ஒரு படம் எடுத்து வையுங்கள். முதல் பாலிப் எட்டிப் பார்க்கும்போது கண்ணாடிக்குக் கிட்டப் போய் எண்ணுங்கள், ஒவ்வொன்றிலும் எட்டு விரல் இருக்கும். மூன்று வாரம் தாண்டியும் திறக்கவில்லை, அல்லது எங்காவது பழுப்புத் திட்டு தெரிகிறது என்றால் அந்தப் படங்களை அனுப்புங்கள், பார்க்கலாம்.