அரசியலமைப்பு கடைசிப் பாடமா?

(அரசியலமைப்பு நாளன்று எங்கள் ஊர்ப் பள்ளியில் பேசியது. மேடையில் விட்டுப்போன ஓரிரு வரிகளைச் சேர்த்திருக்கிறேன்.)

விழாத் தலைவர் அவர்களே, கூப்பிட்ட உடனே வந்திருக்கும் ஊராட்சி மன்றத் தலைவர் அவர்களே, தலைமையாசிரியர் அம்மா அவர்களே, பெற்றோர் ஆசிரியர் கழக நிர்வாகிகளே, நூலகர் ஐயா அவர்களே, அப்புறம் சத்துணவு வேலையை முடித்துவிட்டு அப்படியே இங்கே வந்து உட்கார்ந்திருக்கும் அம்மாமார்களே, எல்லோருக்கும் வணக்கம். பந்தல் போட்டுக் கொடுத்த முன்னாள் மாணவர்களுக்குத் தனியாக ஒரு நன்றி. மழைக்காலத்தில் பந்தல் போடுவது சாதாரண வேலையில்லை.

மூன்று விஷயம் சொல்ல வந்திருக்கிறேன். குடிமையியலை வரலாற்றோடு சேர்த்து நடத்த வேண்டும். மூல ஆவணங்களைப் பிள்ளைகள் நேரடியாகப் படிக்க வேண்டும். மூன்றாவது, தேர்வு முறை.

நம் சமூக அறிவியல் புத்தகத்தைத் திறந்து பாருங்கள். முதலில் வரலாறு, அடுத்து புவியியல், அதற்குப் பிறகுதான் குடிமையியல். அந்த வரிசையிலேயே நடத்திக்கொண்டு போனால் அரசியலமைப்பு வரும்போது தேர்வு நெருங்கிவிடும், அவசர அவசரமாக ஒரு மதிப்பெண் வினாக்களை மட்டும் அடிக்கோடு போட்டுக் கொடுப்பார்கள். அரசியலமைப்பை எழுதிய நிர்ணய சபை முதலில் கூடிய நாள்? 1946 டிசம்பர் 9. வரைவுக் குழுத் தலைவர்? அம்பேத்கர். சரி, பிள்ளை பதில் எழுதிவிட்டது, மதிப்பெண்ணும் வந்துவிட்டது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நம் பெரியவர்கள் சொன்னது இதைத்தான்.

ஒரு கதை சொல்கிறேன், கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள். 1950-ஆம் ஆண்டு. அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்து சில மாதங்கள்தான் ஆகியிருக்கின்றன. சென்னை மாநிலத்தில் அப்போது வகுப்புவாரி அரசாணை இருந்தது. கல்லூரியில் ஒவ்வொரு 14 இடத்திலும் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, அன்று ஹரிஜனங்கள் என்று குறிப்பிடப்பட்டவர்களுக்கு 2, கிறிஸ்தவர்களுக்கும் ஆங்கிலோ இந்தியர்களுக்கும் சேர்த்து 1, முஸ்லிம்களுக்கு 1. செண்பகம் துரைராஜன் என்ற பெண், மருத்துவக் கல்லூரியில் தனக்கு இடம் கிடைக்காது, அதற்கு இந்த அரசாணைதான் காரணம், இது அரசியலமைப்புக்கு விரோதம் என்று வழக்குப் போட்டார். அவர் கல்லூரிக்கு விண்ணப்பமே போடவில்லை என்பது பின்னால் தெரியவந்தது. பொறியியல் கல்லூரிக்காக ஸ்ரீனிவாசன் என்பவரும் வழக்குப் போட்டார். அரசாணைக்கு எதிராக வாதாடியவர் யார் தெரியுமா? அந்த அரசியலமைப்பின் வரைவுக் குழுவிலேயே உறுப்பினராக இருந்த அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர்! உயர் நீதிமன்றம் அரசாணை செல்லாது என்றது. தமிழ்நாடு கொந்தளித்தது. பெரியார் தெருவில் இறங்கினார், மாணவர்கள் இறங்கினார்கள். 1951 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் செல்லாது என்றே சொன்னது. ஆனால் அதோடு முடியவில்லை. அதே ஆண்டு ஜூனில் அரசியலமைப்பையே திருத்தினார்கள். முதல் திருத்தம். பிற்படுத்தப்பட்டவர்களுக்கு அரசு தனி ஏற்பாடு செய்யலாம் என்று சொல்லும் 15(4) என்ற உட்பிரிவு அப்படித்தான் வந்தது. இங்கே முன் வரிசையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளில் எத்தனையோ பேர் நாளை கல்லூரிக்குள் நுழையப்போவது அந்த வாசல் வழியாகத்தான்.

இப்போது யோசித்துப் பாருங்கள். வரலாற்றுப் பாடத்தில் முதல் வகுப்புவாரி அரசாணையைப் போட்ட நீதிக்கட்சி வருகிறது, பெரியார் வருகிறார். அந்தப் பாடம் முடிந்து பல மாதம் கழித்து, குடிமையியலில் "முதல் சட்டத்திருத்தம் – 1951" என்று ஒற்றை வரி வருகிறது. இரண்டும் ஒரே கதை என்று பிள்ளைக்கு யார் சொல்வது? கோயில் தெருவில் நடக்கும் உரிமைக்காக 1924-இல் நடந்த வைக்கம் போராட்டம் ஒரு பக்கம், தீண்டாமையை ஒழித்த 17-ஆவது பிரிவு வேறொரு பக்கம். போராட்டத்தை நடத்தும் அன்றைக்கே அந்தப் பிரிவையும் பிள்ளைகளை வாய்விட்டு வாசிக்கச் சொல்லுங்கள். இரண்டே வாக்கியம்தான். இதற்குப் புதிய புத்தகம் அச்சடிக்கக் காத்திருக்க வேண்டியதில்லை, ஆசிரியர் நினைத்தால் அடுத்த வாரமே செய்யலாம்.

மூல ஆவணம் என்றதும் பயப்படுகிறார்கள். சென்னையிலிருந்து நிர்ணய சபைக்குப் போன அம்மு சுவாமிநாதன், அரசியலமைப்பு கைப்பையிலோ சட்டைப்பையிலோ அடங்குகிற சின்னப் புத்தகமாக இருக்கும் என்று நினைத்திருந்ததாகவும், இது இவ்வளவு பெரிதாகிவிட்டதே என்றும் அந்தச் சபையிலேயே சொன்னார். 395 பிரிவையும் யாரும் படிக்கச் சொல்லவில்லை. முகப்புரை, அடிப்படை உரிமைகள், 1949 நவம்பர் 25 அன்று அம்பேத்கர் பேசிய பேச்சு, இவை போதும். அரசியலில் சமத்துவம் வந்துவிடும், சமூகத்திலும் பொருளாதாரத்திலும் ஏற்றத்தாழ்வு அப்படியே இருக்கும், இந்த முரண்பாட்டை எத்தனை காலம் தாங்குவோம் என்று அவர் கேட்டார். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு அது நன்றாகவே புரியும். தன் தெருவிலேயே அதைப் பார்க்கிற பிள்ளைதானே.

குடவோலை முறையை எல்லாப் பிள்ளைகளும் சொல்கிறார்கள். பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு, பனை ஓலை, குடம். பெருமைதான், நானும் பெருமைப்படுகிறேன். ஆனால் அந்தக் குடத்தில் பெயர் போட நிலம் வேண்டும், வீடு வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும். இன்றைக்கு 243ஏ பிரிவு சொல்லும் கிராம சபைக்கு வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் போதும். நம் ஊரில் அது எங்கே, எப்போது கூடுகிறது என்று கேட்டால் அதே பிள்ளைகள் விழிக்கிறார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன், யாரும் கூட்டிக்கொண்டு போகவில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது.

போன கிராம சபையில் நம் ஊரில் என்ன நடந்தது? தீர்மான நோட்டு கைமாறிக்கொண்டே இருந்தது. முந்தானையில் கையைத் துடைத்துவிட்டு எத்தனையோ அக்காமார்கள் கையெழுத்துப் போட்டார்கள். எந்தத் தீர்மானம் என்று ஒருவரும் வாசித்துக் காட்டவில்லை. தலைவர் ஐயா கோபித்துக்கொள்ள வேண்டாம், இது எல்லா ஊரிலும் நடப்பதுதான். ஆனால் வரவு செலவைச் சத்தமாக வாசிக்கச் சொல்லிக் கேட்கிற உரிமை அந்த அக்காவுக்கு இருக்கிறது என்று அவள் மகளுக்குத் தெரிந்திருந்தால், அம்மாவின் காதில் சொல்லியிருப்பாள்.

தேர்வு பற்றிப் பேச நேரமில்லை, செயலாளர் மணியைக் காட்டுகிறார். ஒன்றே ஒன்று கேட்டுவிட்டு இறங்குகிறேன். வருகிற ஜனவரி 26 கிராம சபைக்கு, கொடியேற்றி மிட்டாய் கொடுத்த கையோடு, ஒன்பது பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை ஆசிரியர்கள் அழைத்து வர வேண்டும். பிள்ளைகளுக்கு ஓட்டு இல்லை, அதனால் பேச வேண்டாம், ஓரமாக உட்கார்ந்து கேட்கட்டும், நோட்டில் எழுதட்டும். தலைமையாசிரியர் அம்மா அனுமதி தர வேண்டும், தலைவர் ஐயா பாய் விரித்துக் கொடுக்க வேண்டும். இரண்டு பேரும் இந்த மேடையிலேயே இருக்கிறார்கள், இப்போதே பதில் சொல்லிவிட்டால் நல்லது. நன்றி, வணக்கம்.